வான்வழித் தடங்கள் – 9: தன் இடத்தைத் தானே அறிவிக்கும் விமானம்

பூந்தமல்லியின் மொட்டைமாடிகளிலிருந்து இருட்டும் வேளையில் பார்த்தால் மீனம்பாக்கத்துக்கு வந்துபோகும் விமானங்களின் விளக்குகள் தெரியும். கண்ணுக்குப் புலப்படாத வேறொன்றும் அதே வேளையில் அந்த மாடிகளை வந்தடைகிறது. தான் எந்த விமானம், எங்கே, எவ்வளவு உயரத்தில், எத்திசையில், என்ன வேகத்தில் செல்கிறது என்பதை, யாரும் கேட்காமலேயே, ஒவ்வொரு விமானமும் 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அறிவித்துக்கொண்டே பறக்கிறது. இம்முறைக்கு ஏடிஎஸ்-பி என்று பெயர்.

சென்ற இதழில் கண்ட முதல்நிலை ராடார், தான் அனுப்பிய அலை விமானத்தின் உடலில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு இடத்தை அறியுமே தவிர, உயரத்தைச் சொல்லாது. 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டபோது தில்லியில் பயன்பாட்டில் இருந்தது அத்தகைய ராடார்தான் என்பதால், விமானிகள் வாயால் சொன்ன உயரத்தையே கட்டுப்பாட்டாளர் நம்பவேண்டியிருந்தது. இரண்டாம்நிலை ராடார் இக்குறையைத் தீர்த்தது. அது 1030 மெகாஹெர்ட்ஸில் கேள்வி அனுப்ப, விமானத்திலுள்ள டிரான்ஸ்பாண்டர் என்னும் கருவி 1090-இல் பதில் தருகிறது. ஏடிஎஸ்-பி முறையிலோ கேள்வியே கிடையாது.

ஒரு செய்தியின் நீளம் 112 பிட்; தொடக்கக் குறியையும் சேர்த்து அது நீடிப்பது ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் 120 பங்கு நேரம் மட்டுமே. அதில் 24 பிட்கள், உலகில் வேறெந்த விமானத்துக்கும் இல்லாத தனி முகவரி. இந்தியாவில் பதிவான விமானங்களின் முகவரி, பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் எழுதினால், 8-இல் தொடங்கும். இடத்தைச் சொல்லும் செய்தி வினாடிக்கு இருமுறை புறப்படுகிறது. பிட்களை மிச்சப்படுத்துவதற்காக அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஒற்றை, இரட்டை என இருவகைச் சுருக்கங்களாக மாறிமாறி அனுப்பப்பட, இரண்டையும் இணைத்துக் கணக்கிட்டே பெறும் கருவி இடத்தைக் கண்டுகொள்கிறது. செய்தியில் மறையாக்கம் ஏதும் இல்லை. கைப்பேசியில் விமானங்களைக் காட்டும் வரைபடங்கள், உலகெங்கும் ஆர்வலர்கள் வைத்திருக்கும் சிறு ஆன்டெனாக்கள் இச்செய்திகளைத் திரட்டித் தருவதாலேயே இயங்குகின்றன.

இதன் வலிமை எதுவோ அதுவே இதன் பலவீனமும் ஆகும். விமானம் சொல்லும் இடம் ஜிபிஎஸ் போன்ற செயற்கைக்கோள் வழிகாட்டிகளிடமிருந்து அது பெற்ற இடம். அந்த அலைகளை யாரேனும் குலைத்தாலோ போலியாக அனுப்பினாலோ விமானம் தவறான இடத்தை முழு நம்பிக்கையோடு அறிவிக்கும். எனவே, ஏடிஎஸ்-பி எவ்வளவு மலிவாக இருப்பினும், விமானத்தின் சொல்லைச் சாராமல் தானே பார்க்கும் ராடாரைக் கைவிடுவது தவறாகவே முடியும்.

பூமியின் வளைவு மற்றொரு எல்லை. 35,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தின் செய்தி தரையில் ஏறக்குறைய 425 கிலோமீட்டர் வரையே கேட்கும். வங்காள விரிகுடாவோ அதைவிடப் பன்மடங்கு அகன்றது. 2016 ஜூலை 22 காலை தாம்பரத்திலிருந்து 29 பேருடன் போர்ட் பிளேர் நோக்கிப் புறப்பட்ட விமானப்படையின் ஏஎன்-32, சென்னைக்குக் கிழக்கே சுமார் 280 கிலோமீட்டரில், 23,000 அடி உயரத்திலிருந்து இடப்புறம் திரும்பி வேகமாக உயரம் இழப்பதைச் சென்னை ராடார் கண்டது, அதன்பின் காணவில்லை. அவ்வளவு தொலைவில் ஏறத்தாழ 15,000 அடிக்குக் கீழே எது சென்றாலும் கரையிலுள்ள ராடாருக்கு அது தொடுவானத்துக்கு அப்பால் மறைந்துவிடும் என்பது எளிய கணக்கு. இன்று இரிடியம் வரிசையின் 66 செயற்கைக்கோள்கள் விண்ணிலிருந்தே ஏடிஎஸ்-பி செய்திகளைப் பெறுவதால், கரையிலிருந்து எட்டாத கடல்மேலும் அவற்றை அனுப்பும் விமானங்களைப் பின்தொடர முடிகிறது. அந்த ஏஎன்-32 விமானத்தின் சிதைவுகள் ஏழரை ஆண்டுகளுக்குப் பின், சென்னையின் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்பக் கழகம் அனுப்பிய ஆளில்லா நீர்மூழ்கி எடுத்த படங்களின் வழியே, 3,400 மீட்டர் ஆழத்தில் கிடப்பதாக 2024 ஜனவரியில் அறியப்பட்டது.