உப்புக் காற்றில் ஒரு குட்டி ரயில்

மரக்காணத்துக்கு ரயில் கிடையாது. ரயில் ஏற வேண்டுமானால் மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் பயணம் செய்து திண்டிவனத்தை அடைய வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாயில் உப்பும் விறகும் சுமந்து சென்ற படகுகளும் மறைந்துவிட்டன. இன்று உப்பு மூட்டைகள் லாரியில் போகின்றன. ஆனால் வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தால் மரக்காணத்துக்கும் நாம் ரயில் விடலாம்! ஒரு பெரிய மேசையின் மீது தண்டவாளம், நிலையம், உப்பளம் எல்லாவற்றையும் சிறிய அளவில் அமைத்து, மின்சாரத்தால் குட்டி ரயிலை ஓட்டலாம்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். புனே நகரின் கோத்ருட் பகுதியில் பாவு ஜோஷி என்பவர் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய குட்டி ரயில் நகரம் 1998-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-இல் தொடங்கப்பட்ட ‘மினியேச்சர் வுண்டர்லாண்ட்’ கண்காட்சியில் 15 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளத்துக்குக் குட்டித் தண்டவாளம் போடப்பட்டிருக்கிறது.

நம் அறை 3 மீட்டர் நீளமும் 2.5 மீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கிவிட்டால் குட்டி ரயில் பெரிய ரயிலைப் போலவே நடந்துகொள்ளுமா? நடந்துகொள்ளாது! ஏன் என்று பார்ப்போம்.

எவ்வளவு சுருக்குவது?

உலகில் பரவலாகப் பயன்படும் அளவு ‘எச்.ஓ.’ எனப்படும். அதில் 87 மீட்டர் ஒரு மீட்டராகச் சுருங்குகிறது. இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இதை 87-ஆல் பெருக்கினால் சுமார் 1,435 மில்லிமீட்டர் வரும். இது ஐரோப்பாவில் பெரும்பாலான பாதைகளின் அகலம். நமது அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர்! அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மில்லிமீட்டர். ஆகவே கடையில் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளம் நம் ரயிலுக்குச் சற்றுக் குறுகலானதே. திண்டிவனம் வழியாகச் செல்லும் சென்னை - விழுப்புரம் பாதை முன்பு மீட்டர் கேஜாக இருந்தது. அந்தக் காலத் திண்டிவனத்தை அமைக்க விரும்புகிறவருக்கு 11.5 மில்லிமீட்டர் தேவை. 12 மில்லிமீட்டரில் தண்டவாளம் கிடைக்கிறது, ஏறக்குறையப் பொருந்திவிடும்.

திண்டிவனம் - மரக்காணம் தூரத்தை 87-ஆல் வகுத்துப் பாருங்கள். 402 மீட்டர் வருகிறது! மூன்று மீட்டர் அறையில் இது எப்படி அடங்கும்? எனவே பாதையில் முக்கியமான இடங்களை மட்டும் தேர்ந்தெடுத்து, இடைப்பட்ட தூரத்தை விட்டுவிட வேண்டும். பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையில் பல ஆண்டுகள் தயாரான பயணிகள் பெட்டியின் நீளம் சுமார் 21.3 மீட்டர். நம் மேசையில் அது 24.5 சென்டிமீட்டர். பத்துப் பெட்டிகள் கோத்தால் அறையின் அகலம் முழுவதையும் ரயிலே அடைத்துக்கொள்ளும். மூன்று அல்லது நான்கு பெட்டிகளே போதும்.

வளைவும் ஏற்றமும்

அகலப் பாதையில் மிகக் கூர்மையான வளைவின் ஆரம் 175 மீட்டர். மாதிரியில் இது 2 மீட்டர். அதாவது ஒரு வட்டம் போட 4 மீட்டர் அகலம் வேண்டும்! நம் அறையில் இடமில்லை. அதனால்தான் குட்டித் தண்டவாளங்களில் ஆரம் 45 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பெரிய ரயிலுக்கு இது 39 மீட்டர் ஆர வளைவு. அதில் அது ஓடவே முடியாது. குட்டி ரயில் எப்படி ஓடுகிறது? அதன் சக்கர விளிம்புகள் விகிதத்தை மீறி ஆழமாகச் செய்யப்படுகின்றன. பெட்டிகளின் இணைப்பும் தளர்வாக இருக்கிறது.

கோணம் மட்டும் சுருங்குவதில்லை. நீலகிரி மலை ரயில், பல்சக்கர உதவியுடன் 12.5 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. அதன் மாதிரியிலும் 12.5 சென்டிமீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் ஏற்றமே இருக்கும். பல்சக்கரம் இல்லாத குட்டி எஞ்சினுக்கு 40-இல் 1 என்ற ஏற்றமே போதுமான வேலை. ஒரு பாதையை மற்றொரு பாதைக்கு மேலே கொண்டுபோக 7.5 சென்டிமீட்டர் உயர வேண்டும். அதற்கு 3 மீட்டர் நீளம் தேவை. நல்ல வேளையாக மரக்காணக் கரை சமதளம். நமக்கு ஏற்றம் வேண்டியதில்லை!

எடையும் நேரமும்

நீளம் 87-இல் ஒரு பங்கானால் பருமன் 87 × 87 × 87, அதாவது 6,58,503-இல் ஒரு பங்காகிவிடும். 38 டன் பெட்டியைச் சரியாகச் சுருக்கினால் 58 கிராம்தான் வரும். இவ்வளவு லேசான பெட்டி ஒரு மணல் துகள் தட்டினாலும் தடம் புரளும். ஆகவே பெட்டிக்குள் எடை வைத்து 160 கிராம் அளவுக்குக் கொண்டுவருவது வழக்கம்.

புவியீர்ப்போ சுருங்க மறுக்கிறது. 10 மீட்டர் உயரப் பாலத்திலிருந்து ஒரு கல் விழ 1.43 விநாடி ஆகும். மாதிரிப் பாலத்தின் உயரம் 11.5 சென்டிமீட்டர். அதிலிருந்து விழ 0.15 விநாடிதான். நேரம் 87 மடங்கு குறையவில்லை. 87-இன் வர்க்கமூலமான 9.3 மடங்கே குறைகிறது. திரைப்படத்தில் மாதிரி ரயிலைக் கவிழ்ப்பவர்கள் காமிராவைப் பல மடங்கு வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, மெதுவாகக் காட்டுவதன் இரகசியம் இதுவே. 1870-களில் வில்லியம் ஃப்ரௌட் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துச் சோதித்தபோது கண்ட விதியும் இந்த வர்க்கமூல விதிதான். 1916-இல் தோன்றிய புனே மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தில் அணைகளின் மாதிரிகளை அமைத்து வெள்ளத்தைக் கணிக்கும்போதும் இவ்விதி உதவுகிறது.

நிறை குறைந்ததால் இன்னொரு சங்கடமும் உண்டு. மின்சார ரயில் பாதையில் ஆங்காங்கே மின்னோட்டம் இல்லாத சிறு பகுதிகள் உள்ளன. பெரிய ரயில் தன் நிலைமத்தால் அவற்றைத் தாண்டி உருண்டுவிடும். குட்டி எஞ்சினுக்கு அந்த நிலைமம் இல்லை. ஒரு நொடி மின்சாரம் தடைப்பட்டாலும் அப்படியே நின்றுவிடும். இங்கேதான் நம் கடற்கரை குறுக்கிடுகிறது.

உப்பு என்னும் எதிரி

குட்டி எஞ்சின் இரு தண்டவாளங்களிலிருந்தும் சக்கரங்கள் வழியாக 12 வோல்ட் நேர்மின்சாரத்தைப் பெறுகிறது. தண்டவாளத்தில் துரு அல்லது அழுக்கு படிந்து, தொடும் இடத்தில் 6 ஓம் மின்தடை உண்டாகிவிட்டது என்று கொள்வோம். 0.5 ஆம்பியர் ஓடினால், ஓம் விதிப்படி 3 வோல்ட் அங்கேயே வீணாகிறது. மோட்டாருக்குக் கிடைப்பது 9 வோல்ட்தான். ரயில் தள்ளாடும்.

உப்புக் காற்று இதை விரைவுபடுத்துகிறது. சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பள உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கோ 33 சதவீதமே போதும். மழைக்காலத்தில் சமையலறைக் கல்லுப்பு கசிவது இதனால்தான். தண்டவாளங்களுக்கு இடையே உப்பு நீர் படிந்தால், 12 வோல்ட்டில் இயங்கும் ஒரு சிறு மின்பகுப்புக் கலமே உருவாகி, நேர்மின் பக்கத்துத் தண்டவாளம் அரிக்கப்படும்.

என்ன செய்யலாம்? இரும்புத் தண்டவாளம் வேண்டாம். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்த ‘நிக்கல் சில்வர்’ தண்டவாளம் வாங்குங்கள். பெயரில் வெள்ளி இருந்தாலும் பொருளில் வெள்ளி இல்லை! கடலைப் பார்த்த சன்னலை மூடி வையுங்கள். ஓட்டாத நாட்களில் மேசையைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுங்கள். தண்டவாளத்தை மென்மையான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், அது உண்டாக்கும் கீறல்களில் மேலும் அழுக்கு சேரும்.

உப்பளத்துப் பாத்திகளுக்குக் கண்ணாடித் துண்டுகளையும், வரப்புகளுக்குக் களிமண்ணையும் பயன்படுத்தலாம். உப்புக் குவியலுக்கு மட்டும் உப்பைப் பயன்படுத்தாதீர்கள்! பாரிஸ் சாந்து போதும். உண்மைக் குவியலின் சரிவு எந்தக் கோணமோ, அதே கோணத்தில் அமையுங்கள்.

செய்து பாருங்கள்

குட்டி ரயில்களின் விலை அதிகம். முதலில் அட்டையில் 24.5 செ.மீ. நீளமும் 3.7 செ.மீ. அகலமும் கொண்ட பெட்டி ஒன்றைச் செய்யுங்கள். உங்கள் ஊர் நிலையத்தின் நடைமேடையை அடியால் அளந்து, 87-ஆல் வகுத்து, அருகில் அமையுங்கள். மின்சாரம் தேவைப்படும்போது கடையில் விற்கும் 12 வோல்ட் அடாப்டரையே பயன்படுத்த வேண்டும். வீட்டு மின் இணைப்பில் நேரடியாகக் கை வைக்கக் கூடாது.

மூன்று தட்டுகளில் முறையே கல்லுப்பு, தூள் உப்பு, பாரிஸ் சாந்தில் வார்த்துக் காய்ந்த கட்டி ஆகியவற்றைச் சம எடையில் வைத்து, ஒரு வாரம் நாள்தோறும் எடை பாருங்கள். எது அதிகம் கூடுகிறது?

கடைசியாக ஒரு புதிர்: நேராகச் செல்லும் பாதை ஒரு வளையமாகச் சுற்றி வந்து அதே பாதையில் மீண்டும் இணைந்தால், ரயில் திரும்பி வந்துவிடும். ஆனால் மின்சுற்றுக்கு என்ன ஆகும்? இடது தண்டவாளத்துக்குச் சிவப்பு, வலது தண்டவாளத்துக்கு நீலம் தீட்டிப் படம் வரைந்து பாருங்கள். இணையும் இடத்தில் எந்த நிறம் எந்த நிறத்தைத் தொடுகிறது?