சிபியூ சும்மா இருக்கும்போது பாட்டு ஏன் வெட்டுகிறது?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் நின்றுபோனது. வீட்டுக் கணினிகளுக்குத் தரப்பட்ட கூடுதல் பாதுகாப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். அதனால் விண்டோஸ் 11-க்கோ லினக்ஸ் வகையான உபுண்டு ஸ்டூடியோவுக்கோ மாறியவர்களின் கடிதங்களில் ஒரே புலம்பல். மண்ணூர்பேட்டையில் வீட்டு அறையிலேயே பக்திப் பாடல் பதிவு செய்யும் வாசகர் கேட்கிறார்: “டேக் நடுவில் டக், டக் என்று சத்தம். டாஸ்க் மேனேஜரில் சிபியூ 12 சதவீதம்தான். பிறகு என்ன கோளாறு?”

அந்த 12 சதவீதத்தை நம்பலாமா?

கூடாது. எட்டு கோர்களில் ஒன்று திணறி, ஏழு தூங்கினாலும் அந்தத் திரை 12 என்றுதான் காட்டும். பாடகரின் குரல் ஒன்றன்பின் ஒன்றாகப் பல பிளக்-இன்களைக் கடக்கிறது. அந்த வரிசையைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால் அந்த ஒரு கோரின் வேகம்தான் முக்கியம்; அதுவோ இடையிடையே குறைக்கப்படுகிறது.

வேகத்தைக் குறைப்பது யார்?

விண்டோஸில் ‘பேலன்ஸ்டு’ என்று நயமாகப் பெயர் சூட்டப்பட்ட அமைப்பு, லினக்ஸில் ‘கவர்னர்’. நடைமுறையில் இரண்டும் மின்சாரச் சிக்கனத் திட்டங்களே. சிக்கல் அவை கணக்குப் போடும் விதத்தில். 48,000 ஹெர்ட்ஸில் பஃபர் (ஒரு முறைக்கு எடுக்கும் ஒலித் துண்டின் அளவு) 128 சாம்பிள் என்றால், ஒவ்வொரு 2.67 மில்லி விநாடிக்கும் ஒரு துண்டு ஒலி தயாராக வேண்டும். ஒரு துண்டுக்கான வேலை 3.2 கிகாஹெர்ட்ஸில் 1 மில்லி விநாடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். மீதி நேரம் கோர் சும்மா இருக்கிறது. கவர்னர் சராசரியைப் பார்த்து, ‘இவ்வளவு வேகம் எதற்கு?’ என்று 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினால், அதே வேலைக்கு 4 மில்லி விநாடி ஆகும். கெடு தவறும், ‘டக்’. சுமை கூடியதைக் கண்டு வேகத்தை ஏற்றும்; ஆனால் வெட்டு ஏற்கெனவே பதிவாகிவிட்டது. ஏற்றியதும் சுமை மறுபடி குறைவாகத் தெரியும், மறுபடி இறக்கும். நாள் முழுவதின் சராசரிக் கூட்டத்தைப் பார்த்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் விட்டால், ஷிப்ட் விடும் நேரத்தில் என்ன ஆகுமோ அதுதான் இங்கும்.

எங்கே மாற்றுவது?

விண்டோஸில் பவர் ஆப்ஷன்ஸின் அட்வான்ஸ்டு பகுதியில் ‘மினிமம் பிராசசர் ஸ்டேட்’ 100 சதவீதம். புதிய லேப்டாப்கள் பலவற்றில் இந்த வரி மறைந்திருக்கும். அங்கே பவர் மோடை ‘பெஸ்ட் பர்ஃபாமன்ஸ்’ ஆக்குங்கள். லினக்ஸில் கவர்னரை ‘பர்ஃபாமன்ஸ்’ ஆக்குங்கள்.

இன்டெல் சிப்பில் ‘பவர்சேவ்’ என்று காட்டுகிறதே?

இன்டெல்லின் பி-ஸ்டேட் டிரைவரில் அது அடிமட்ட வேகம் அல்ல, ஏறி இறங்கும் வகை. பதிவுக்கு அதுவும் வேண்டாம்.

பெட்டியில் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் போட்டிருக்கிறார்களே?

எண்ணுக்குப் பக்கத்தில் ‘வரை’ என்றும் இருக்கும். சூடு ஏறினால் வேகம் இறங்கும்.

பஃபரை 512 ஆக்கினால்?

மிக்ஸிங்குக்குச் சரி, பாடகருக்கு ஹெட்ஃபோனில் தன் குரல் பிந்திக் கேட்கும்.

அப்போதும் வெட்டினால்?

வைஃபையை அணைத்துப் பாருங்கள். அதன் டிரைவர்தான் குற்றவாளியாக இருக்கலாம்.

கரண்ட் பில்?

பதிவு நேரத்துக்கு மட்டும் வேகத்தைப் பூட்டுங்கள். முடிந்ததும் பழைய நிலைக்கே மாற்றிவிடுங்கள்.