மாட்டு டாக்டருக்கு எந்தப் பாடம்?

பத்தாம் வகுப்புப் பரீட்சையின் முடிவு வெளியாகும் வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் விவாதங்களைச் சட்டசபையில் கூடக் கேட்க முடியாது. சென்ற ஆண்டு அப்படிப்பட்ட விவாதம் ஒன்றின் நடுவே நான் போய்ச் சேர்ந்தேன். மாம்பலத்தில் என் சிநேகிதரின் வீடு. ஊஞ்சலில் பாட்டியம்மாள்; நாற்காலியில் சிநேகிதர்; சமையலறை வாசற்படியில் அவருடைய மனைவி; சுவரோரமாக, கோர்ட்டில் தீர்ப்புக்குக் காத்து நிற்பவளைப்போல், அவர்களுடைய மகள்.

"வா, ஐயா! நீயே நியாயம் சொல்லு. இவள் மாட்டு டாக்டராகப் போகிறாளாம்! கணக்கும் கம்ப்யூட்டரும் எடுத்துக்கொள், அதற்குப் பிறகு உன் இஷ்டப்படி எதையாவது படி என்கிறேன். கேட்க மாட்டேன் என்கிறாள்" என்றார் சிநேகிதர்.

"அதற்குப் பிறகு முடியாது, மாமா" என்றாள் பெண், என்னைப் பார்த்து.

சிநேகிதர் சொன்னது நியாயம் போல் தோன்றும். ஆனால் பெண் சொன்னதுதான் சரி. இந்த ஒரு விஷயத்தை அறியாமல் எத்தனையோ குழந்தைகளின் ஆசை பதினைந்தாவது வயதிலேயே கருகிப் போகிறது.

அமெரிக்காவில் இந்த வைத்தியத்தைப் படிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் நாலு வருஷம் காலேஜில் படித்து ஒரு பட்டம் பெற்றுவிடுகிறார்கள். அது ஜந்து சாஸ்திரத்தில் இருக்கலாம், ரஸாயனத்தில் இருக்கலாம், சங்கீதத்தில் இருந்தாலும் தடையில்லை. வைத்தியக் கல்லூரி விதித்திருக்கும் சில ஸயன்ஸ் பாடங்களை இடையே முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கு மேல் நாலு வருஷம் வைத்தியப் படிப்பு. ஆகவே அங்கே ஒரு வாலிபன் இருபது வயதிலும் மனம் மாறலாம்.

நம் நாட்டில் அப்படி அல்ல. பன்னிரண்டாம் வகுப்பிலிருந்து நேரே கால்நடை மருத்துவக் கல்லூரிக்குள் போகவேண்டும். படிப்பு ஐந்தரை வருஷம். அதில் கடைசி ஒரு வருஷம் கையால் வேலை செய்து பழகும் பயிற்சி. பௌதிகம், ரஸாயனம், உயிர்நூல் ஆகிய மூன்றையும் பள்ளிக்கூடத்திலேயே படித்திராதவருக்கு அந்தக் கதவு திறக்காது. (இவற்றை இப்போது இயற்பியல், வேதியியல், உயிரியல் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் பரீட்சை பரீட்சைதான்!) "முதலில் விலங்கியலில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, பிறகு மாட்டு டாக்டராகிவிடலாம்" என்று எண்ணுகிறவர்களும் உண்டு. விலங்கியல் உயர்ந்த படிப்பே. ஆனால் அந்தப் பட்டம் இந்த ஐந்தரை வருஷத்தில் ஒரு நாளைக்கூடக் குறைத்துக் கொடுப்பதில்லை.

ஆகையால் பதினோராம் வகுப்பில் எடுக்கும் பிரிவே தலைவாசல். அதற்கு முக்கியமாக இரண்டு வழிகள் இருக்கின்றன. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனிப் பாடங்களாக, பௌதிக ரஸாயனங்களுடன் படிக்கும் பிரிவு ஒன்று. கணக்கையும் உயிரியலையும் சேர்த்துப் படிக்கும் பிரிவு மற்றொன்று. முன்னதில் பாரம் குறைவு. பின்னதில் பாரம் அதிகமானாலும், இடம் கிடைக்காமல் போனால் என்ஜினீயரிங் முதலிய வேறு கதவுகளும் திறந்திருக்கும். கணக்கைக் கண்டு அஞ்சாத குழந்தைக்குப் பின்னதையே நான் சிபாரிசு செய்வேன்.

"அதெல்லாம் சரி. மாட்டுக்கு ஊசி போட இத்தனை சாஸ்திரம் எதற்கு?" என்று கேட்டார் சிநேகிதர்.

நல்ல கேள்வி. மனிதனுடைய வைத்தியரிடம் நோயாளி வாய் திறந்து "இங்கே வலிக்கிறது" என்கிறான். மாட்டு டாக்டரின் நோயாளிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதற்காகச் சாஸ்திரங்கள்தாம் பேசவேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று பசுவுக்கு அன்பு மிகுதியால் குடம் குடமாகப் பொங்கல் ஊட்டிவிடுகிறோம். மறுநாள் அது தீனி தின்னாமல் படுத்துவிடுகிறது. பசுவின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வைக்கோலைப் புளிக்க வைத்து, பசுவுக்கு ஆகாரமாக்கித் தருகின்றன. திடீரென்று சோறும் வெல்லமும் வந்து குவிந்தால் அங்கே அமிலம் பெருகிவிடுகிறது. அதை அறிந்து சமன் செய்வது ரஸாயனம்.

மேயும்போது மாடு ஆணியையோ கம்பித் துண்டையோ விழுங்கிவிடுகிறது. அது தேன்கூடு போன்ற இரண்டாவது அறையில் தங்கி, சில சமயம் சுவரைத் துளைத்துக்கொண்டு இருதயம் வரையில் போய்விடும். இந்த ஆபத்தைத் தடுப்பதற்குக் காந்தக் கட்டி ஒன்றை விழுங்க வைத்து, இரும்பை அதில் ஒட்டிக்கொள்ளச் செய்யும் முறை உண்டு. இது பௌதிகம்.

மருந்தின் அளவு உடலின் எடையைப் பொறுத்தது. கிராமத்தில் உழவு மாட்டை எந்தத் தராசில் நிறுத்துவது? நெஞ்சின் சுற்றளவையும் உடலின் நீளத்தையும் நாடாவால் அளந்து, எடையைக் கணக்கிட்டு அறிகிறார்கள். இது கணிதம்.

"தாவர சாஸ்திரம் எதற்கு?" என்று சிநேகிதர் விடாமல் கேட்டார். நான் இளஞ்சோளப் பயிரைப் பற்றிச் சொன்னேன். மழையின்றி வாடி வளர்ச்சி குன்றிய இளஞ்சோளத்தில் ஒருவகைச் சயனைடு விஷம் உண்டாகும். அதை மேய்ந்த மாடு சிறிது நேரத்திலேயே மூச்சுத் திணறி விழுந்துவிடும். உடனே தக்க மருந்தை ரத்தத்தில் ஏற்றினால் பிழைக்க வைக்கலாம் என்றேன்.

அதுவரை பேசாதிருந்த பாட்டியம்மாள் ஊஞ்சலை நிறுத்தினார். அவர் பிறந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் பூமியில்.

"எங்கள் அப்பாவின் ஜோடிக் காளை இரண்டும் அப்படித்தான் போயின. சோளக் கொல்லையில் புகுந்து மேய்ந்தன. வீடு வந்து சேரவில்லை. கண் திருஷ்டி என்றார்கள். அந்த வருஷம் எங்களுக்கு உழவு இல்லை. என் படிப்பும் அதோடு நின்றது" என்றார்.

கூடத்தில் சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை.

ஒரு சாஸ்திரத்தை மட்டும் அறிந்தால் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே உதாரணம் உண்டு. வலியால் துடித்த மாடுகளுக்கு டைக்ளோபினாக் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். மாட்டுக்குக் குணம் தெரிந்தது. ஆனால் அம்மருந்து உடலில் தங்கியிருக்க இறந்துபோன மாடுகளைத் தின்ற கழுகுகள், சிறுநீரகம் கெட்டு மாண்டன. சுமார் பதினைந்து வருஷங்களில் சில கழுகு இனங்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்துவிட்டன. காரணம் 2004-ல் வெளியாயிற்று; 2006-ல் கால்நடைகளுக்கு அம்மருந்து விலக்கப்பட்டது. மாட்டைப் பார்க்கும் கண் ஆகாயத்தையும் பார்க்க வேண்டும்.

நன்றாகப் படித்தால் எவ்வளவு சாதிக்கலாம் என்பதற்கும் உதாரணம் உண்டு. மந்தை மந்தையாக மாடுகளைக் கொன்ற வெக்கை நோயை எதிர்க்க, 1920-களில் இமயமலைச் சாரலிலுள்ள முக்தேசுவரம் ஆராய்ச்சி நிலையத்தில் எட்வர்ட்ஸ் என்பவர் ஆட்டின் உடலில் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பு மருந்தைக் கண்டார். பின்னர் ஊர் ஊராகச் சென்று ஊசி போட்ட மாட்டு டாக்டர்கள் எத்தனையோ பேர். 2011-ல் அந்நோய் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பிறகு மனிதன் பூண்டோடு ஒழித்த நோய் அது ஒன்றே.

இனி, நடைமுறை விஷயம். 1903-ல் சைதாப்பேட்டையில் ஒரு பண்ணை வீட்டில் இருபது மாணாக்கர்களுடன் தொடங்கிய சென்னைக் கல்லூரி, இன்று வேப்பேரியில் இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு, தலைவாசல், உடுமலைப்பேட்டை, தேனி ஆகிய இடங்களிலும் கல்லூரிகள் ஏற்பட்டிருக்கின்றன. பெரும்பாலான இடங்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்களே அளவுகோல். அகில இந்திய ஒதுக்கீட்டில் நூற்றுக்குப் பதினைந்து இடங்கள் நீட் பரீட்சை வழியாக நிரப்பப்படுகின்றன. அரசாங்கப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு 2021-ஆம் வருஷச் சட்டப்படி நூற்றுக்கு ஏழரை இடங்கள் உண்டு. போட்டி கடுமையானதுதான். அதை மறைப்பது குழந்தைக்குச் செய்யும் துரோகம்.

நான் தீர்ப்புச் சொன்னேன்: கணக்கும் உயிரியலும் சேர்ந்த பிரிவு. ஆனால் ஒரு நிபந்தனை விதித்தேன். விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் பெண் ஒரு வாரம் காலைவேளைகளில் பக்கத்திலுள்ள மாட்டாஸ்பத்திரிக்குப் போய், அனுமதி பெற்று, ஓரமாக நின்று பார்த்து வரவேண்டும். நாய்க்குட்டியைக் கொஞ்சும் ஆசை வேறு. சாணத்திலும் ரத்தத்திலும் கை வைக்கும் துணிவு வேறு அல்லவா?

ஏழாம் நாள் சிநேகிதர் டெலிபோனில் அழைத்தார். அன்று காலை கன்று ஈனமுடியாமல் தவித்த பசு ஒன்றை அழைத்து வந்திருந்தார்களாம். கன்று இறந்தே பிறந்ததாம், பசு பிழைத்துக்கொண்டதாம்.

"பெண் அழுதாளா?" என்று கேட்டேன்.

"அழுதாள். சாப்பிடக்கூட இல்லை. ஆனால் நாளைக்கும் போகவேண்டும் என்கிறாள். கன்று ஏன் திரும்பிக் கிடந்தது என்று டாக்டரிடம் கேட்க வேண்டுமாம்" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "கையெழுத்துப் போட்டுவிட்டேன், ஐயா" என்றார்.