என்பின் உறுதியும் சிறு பாரப் பயிற்சியும்

என்பு உயிரற்ற தூண் அன்று. தன்மேற் பொறுக்கும் பாரத்திற்கேற்பத் தன்னைத் திருத்தியமைக்கும் உயிருள்ள இழையமாகும். இவ்வுண்மையை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வொல்ஃப் 1892ஆம் ஆண்டில் விரித்துரைத்தார். பாரம் குறையின் என்பு நலியும். அளவோடு கூடின் வலுப்பெறும். ஆயின், என்பு நலிந்த முதியோரும் முறிவுற்றோரும் பெரும்பாரம் தூக்குதல் எங்ஙனம்?

இவ்விடர்ப்பாட்டிற்கு ஒரு வழி யப்பானிலே தோன்றியது. யொசியாக்கி சாத்தோ என்பார், 1966இல் சமயச் சடங்கொன்றில் நெடுநேரம் மண்டியிட்டிருந்தபோது தம் கெண்டைக்கால் விறைத்துப் புடைத்திருத்தலை உணர்ந்தார். குருதியோட்டம் தடைப்பட்டமையே காரணமெனக் கருதி அவர் வகுத்த பயிற்சி 'காட்சூ' எனப்படும்.

இதில் தொடையின் அல்லது புயத்தின் மேற்பகுதியில் காற்றூதிய பட்டி கட்டப்படும். நாடிவழி வரும் குருதி குறையும். நாளவழி மீளும் குருதி தேங்கும். ஒட்சிசன் குன்றிய தசை, ஒருவர் ஒருமுறை தூக்கவல்ல உச்சப் பாரத்தில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கினைத் தூக்கினும் வளர்ச்சியுறும். வலுத்த தசை என்பினை மிகுதியாய் இழுக்கும். தேங்கிய குருதியின் அமுக்கம் என்பினுள்ளே பாய்மத்தை அசைக்கும் என்பது ஆய்வாளர் கருத்து. 2005இல் வெளிவந்த ஆய்வொன்றில், மூன்று வாரம் பட்டி கட்டி நடந்த இளைஞரின் குருதியில் என்பாக்கத்தைக் காட்டும் நொதியம் கூடியிருந்தது.

எனினும், நொதியம் கூடுதல் வேறு. என்பின் அடர்த்தி கூடுதல் வேறு. பின்னதனை நிறுவ நெடுங்கால ஆய்வுகள் வேண்டும். மேலும், குருதிக்கட்டு நோயுடையார்க்கு இப்பட்டி தீங்கு பயத்தல் கூடும். ஆதலின், மருத்துவர் மேற்பார்வையின்றி இதனை மேற்கொள்ளாமையே அறிவுடைமையாகும்.