எவ்வளவு தூரத்தில், எந்தத் தரையில்?

விருதுநகர் டீக்கடை பெஞ்சில் அக்கா மகன் செல்போனை நீட்டினான். ஸ்மார்ட் ஸ்பீக்கர் வாங்கப் போகிறானாம். "மாமா, ஒருத்தரு பேஸ் அள்ளுதுங்காரு, இன்னொருத்தரு டப்பா சத்தம்ங்காரு. ரெண்டு பேரும் பேசுறது ஒரே ஸ்பீக்கரைப் பத்தித்தான். யாரை நம்புறது?"

யாரை நம்புவது என்பதை அப்புறம் பார்க்கலாம், எப்படிச் சோதித்தார்கள் என்று முதலில் கேள் என்றேன். சிவகாசிப் பக்கத்துப் பையனுக்கு இதை விளக்குவது கஷ்டமில்லை. சத்தத்தை எப்படி அளக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கும் சரக்கை அல்லவா நம் ஊர் நாட்டுக்கே விற்கிறது!

1999 அக்டோபரில் மத்திய அரசு பட்டாசுக்கு ஒரு வரம்பு போட்டது. ஏ-ஐ கணக்கில் 125 டெசிபல், அல்லது சி-பீக் கணக்கில் 145 டெசிபல். அதைத் தாண்டும் வெடியைச் செய்யவோ விற்கவோ வெடிக்கவோ கூடாது. எல்லோருக்கும் இந்த 125 மட்டும் மனப்பாடம். எனக்கு அந்த விதியில் மிகவும் பிடித்தது அதற்குப் பின்னால் வரும் வரிகள்தான். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி அளக்க வேண்டும். குறைந்தது 5 மீட்டர் விட்டமுள்ள கெட்டியான கான்கிரீட் தரை, அல்லது அதற்கு ஈடான தரை வேண்டும். சுற்றிலும் 15 மீட்டருக்குச் சத்தத்தைத் திருப்பி அடிக்கும் சுவரோ தடுப்போ இருக்கக் கூடாது. சரமாகக் கோத்த வெடி என்றால் எண்ணிக்கைக்கு ஏற்ப வரம்பு இறங்கும். நூறு கோத்தால் ஒவ்வொரு வெடிக்கும் 10 டெசிபல் குறைவு, ஆயிரம் கோத்தால் 15 குறைவு. (சரவெடியையே உச்ச நீதிமன்றம் 2018-ல் தடை செய்துவிட்டது, அது தனிக்கதை.)

ஏன் இவ்வளவு நிபந்தனை? திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் இறங்கும். 4 மீட்டரில் 125 காட்டுகிற வெடி 8 மீட்டரில் 119-தான் காட்டும், 2 மீட்டரில் 131. அதே வெடியை இரண்டு பக்கமும் சுவர் உள்ள சந்தில் வைத்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தூரமும் தரையும் சொல்லாமல் "இந்த வெடி 120" என்று ஒருவர் சொன்னால், அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்றுதான் பொருள்.

125, 145 என்று இரண்டு எண் எதற்கு என்றான் பையன். வெடி ஒன்றேதான், மீட்டர் கேட்கும் விதம்தான் வேறு. ஏ கணக்கு, நம் காதைப் போலவே அடித்தொனியை, அதாவது பேஸை, குறைத்து எடுத்துக்கொள்ளும். ஐ என்பது சத்தத்தைக் கண நேரத்துக்குச் சராசரி பார்க்கும். சி-பீக் அடித்தொனியைப் பெரிதாகக் குறைக்காது, உச்சத்தை அப்படியே பிடித்துவிடும். ஆகவே எந்தக் கணக்கு என்று சொல்லாத டெசிபலும் வெறும் எண்தான்.

இந்த இடத்தில்தான் வெடியும் ஸ்பீக்கரும் சந்திக்கின்றன. சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காது அடித்தொனியைச் சரியாகப் பிடிப்பதில்லை என்பதை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள். ஏ கணக்கு அந்த வழியில் வந்ததுதான். வால்யூமைக் கொஞ்சம் ஏற்றினால் பேஸ் தானாகத் திறந்துகொள்ளும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிக்கும் பெட்டியைக் காது "உரக்க" என்று சொல்லாது, "நல்லா இருக்கு" என்று சொல்லும். விற்க நினைக்கும் பெட்டிக்கு ஒரு புள்ளி கூடுதலாகத் திருகி வைப்பது பழைய வியாபார வித்தை. இரண்டு ஸ்பீக்கரை ஒப்பிடுகிறவர் மீட்டர் வைத்துச் சத்தத்தைச் சமப்படுத்தவில்லை என்றால், மற்றது எதையும் அவரிடம் கேட்க வேண்டியதில்லை.

அடுத்தது கண். ஃப்ளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் 1994-ல் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். ஸ்பீக்கர் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் வேலை பார்த்த நாற்பது பேர். அதே ஸ்பீக்கர்களை ஒரு முறை திரைக்குப் பின்னால் வைத்தும், ஒரு முறை கண்ணெதிரே வைத்தும் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். கண்ணுக்குத் தெரிந்ததும் மதிப்பெண் மாறிப்போனது. பெரிய, விலை உயர்ந்த பெட்டிகள் ஏறின. சின்னது, மலிவானது இறங்கியது. ஒலியே பிழைப்பாக இருப்பவர்களின் காதே இப்படி என்றால், பெட்டியைப் பிரித்துக் காட்டிக்கொண்டே பேசுகிற ரிவ்யூவை எப்படி எடுத்துக்கொள்வது?

2018 பிப்ரவரியில் ஆப்பிளின் ஸ்மார்ட் ஸ்பீக்கரான ஹோம்பாட் வந்தபோது இந்தச் சண்டை பகிரங்கமாகவே நடந்தது. தன் இடத்துக்கு அழைத்து, போட்டிப் பெட்டிகளைப் பக்கத்தில் வைத்து ஆப்பிள் போட்டுக் காட்டியபோது கேட்ட செய்தியாளர்கள் அசந்துபோனார்கள். பொருள்களைச் சோதித்துச் சொல்லும் அமெரிக்க அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் ஒலி அறையில் கேட்டுவிட்டு, கூகுள் ஹோம் மேக்ஸும் சோனோஸ் ஒன்னும்தான் மேல் என்றது. டேவிட் போக் என்ற பத்திரிகையாளர் திரை கட்டி ஐந்து பேரைக் கேட்கச் சொன்னார். அங்கேயும் ஹோம்பாட் முதலிடம் பிடிக்கவில்லை. ரசிகர் ஒருவர் தன் அறையில் மைக் வைத்து அளந்து, இதைப் போல் கிடையாது என்று வரைபடம் போட்டார். அறைச் சுவரின் எதிரொலியும் சேர்ந்துதானே பதிவாகியிருக்கும் என்று மற்றவர்கள் திருப்பிக் கேட்டார்கள். 15 மீட்டருக்குச் சுவர் கூடாது என்று நம் பட்டாசு விதி சொல்வது இந்தக் கேள்வி எழாமல் இருக்கத்தான்.

ஸ்மார்ட் ஸ்பீக்கரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஸ்பீக்கரை எதிரொலி இல்லாத அறையில் 70 வெவ்வேறு கோணங்களிலிருந்து அளக்கும் முறை ஒன்றை அமெரிக்கத் தரநிலையாகவே வைத்திருக்கிறார்கள். ஆனால் ஹோம்பாட் போன்றவை தம் மைக்கால் அறையைக் கேட்டு, அதற்கேற்பத் தம்மையே மாற்றிக்கொள்கின்றன. சுவரே இல்லாத அறையில் அளந்த பெட்டி உன் வீட்டு மூலையில் அதே பெட்டியாக இருக்காது. வால்யூமைப் பொறுத்து பேஸைக் கூட்டிக் குறைப்பதும் உண்டு. ஆகவே ஒரே சத்த அளவில் கேட்டுச் சொன்ன தீர்ப்பு பாதித் தீர்ப்புதான். மெதுவாகவும் உரக்கவும் கேட்டுச் சொல்ல வேண்டும். போதாததற்கு, சாஃப்ட்வேர் அப்டேட் வந்து குரலையே மாற்றிவிடலாம். தேதி போடாத ரிவ்யூவும் அரைகுறைதான்.

சோதனைக்குச் சரக்கு எங்கிருந்து வந்தது என்பது கடைசிக் கேள்வி. வெடித்துப் பார்த்த வெடியை விற்க முடியாது. விற்கிற வெடியை யாரும் அளந்து பார்த்ததில்லை. அதனால் மாதிரியை யார் எடுக்கிறார்கள் என்பதில்தான் நேர்மை இருக்கிறது. மும்பையில் ஒலி மாசை எதிர்க்கும் ஆவாஸ் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தோடு சேர்ந்து, கடையில் வாங்கிய பட்டாசை வெடித்து அளந்தது. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸும் நம்மைப் போலக் கடையில் காசு கொடுத்து வாங்கித்தான் சோதிக்கும். கம்பெனி இலவசமாக அனுப்பிய பெட்டியைப் பற்றிப் பேசுகிறவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அது கம்பெனி அனுப்பியது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும்.

தமிழில் ரிவ்யூ செய்யும் தம்பி, தங்கைகளிடம் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கிற காரியமில்லை. ஒரு சத்த மீட்டர், ஒரு வேட்டித் துணித் திரை, பெட்டிகளை மாற்றிப் போட ஒரு நண்பர். எவ்வளவு தூரத்தில், எந்த அறையில், என்ன பாட்டு, எத்தனை டெசிபல், பெட்டி யார் கொடுத்தது என்பதை வீடியோவின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.