மரப் பெரணிகளின் கலப்பு மணம்

போர்ட்டோ ரிக்கோ தீவின் மழைக்காடுகளில் மரமாய் உயரும் பெரணிகளுக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. தூது போகத் தேனீயும் வேண்டாம். காற்றில் பறக்கும் ஸ்போர் என்னும் இனப்பெருக்கத் துகள் ஈரமண்ணில் விழுந்து, நகத்தளவான பச்சைத் தகடாக முளைக்கிறது. ஆணணு, தகட்டின் அடியிலுள்ள நீர்ப்படலத்தில் நீந்திப்போய்ப் பெண்ணணுவைச் சேரும்.

பக்கத்துத் தகடு வேறு இனமாக இருந்தால்? சில சமயம் கலப்பினம் பிறந்துவிடுகிறது.

கலப்பினம் என்றால் மலடு என்பதே பொது எண்ணம். மரப் பெரணிகள் அதற்குக் கட்டுப்படுவதில்லை. ஆல்சோஃபிலா என்னும் மரப் பெரணிப் பேரினத்தில் குரோமோசோம்கள் 69 இணைகள். பெற்றோர் இனங்களின் எண்ணிக்கை ஒத்துப்போவதால் சில கலப்பினங்கள் முளைக்கும் ஸ்போர்களையே தருகின்றன. தாவரவியலாளர்கள் டேவிட் கோனன்ட்டும் கில்லியன் கூப்பர்-டிரைவரும் 1980-இல் துணிச்சலான ஒரு கருதுகோளை வைத்தார்கள்: கலப்பினத்தின் ஒற்றை ஸ்போரிலிருந்து முளைத்த தகடு தனக்குள்ளேயே கருவுற்றால், ஒரே தலைமுறையில் நிலையான புது இனம் உருவாகலாம்.