"படம் போட்டா சோறு போடுமா?"
வீடியோ கேம் கம்பெனியில் ஓவியருக்கு என்ன வேலை? எப்படி தயார் ஆவது?

சென்னை, பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் நகரில் பல வீடுகளில் ஒரே சண்டை.

"என்ஜினீயரிங் சேருடா" என்கிறார் தகப்பனார். "நான் படம் போடப் போறேம்பா" என்கிறான் பையன். "படம் போட்டா சோறு போடுமா?" என்று கேட்கிறார் தாயார்.

தாயார் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. மவுண்ட் ரோட்டில் வானத்தைத் தொடுகிற மாதிரி சினிமா கட்-அவுட் வரைந்த ஓவியர்கள் ஒரு காலத்தில் ராஜாக்களாக இருந்தார்கள். பிளெக்ஸ் பேனர் வந்தது. பிரஷ் பிடித்த கைகள் வேறு பிழைப்பு தேடிப் போய்விட்டன.

ஆனால் இப்போது பையன் சொல்வது வேறு வேலை. வீடியோ கேம் கம்பெனியில் வேலை. அதற்குப் பெயர் 'கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட்'.

கோடம்பாக்கத்து வேலைதான்!

பெயர்தான் புதுசு. வேலை கோடம்பாக்கத்துக்குத் தெரிந்ததுதான். 1987-ல் வந்த 'நாயகன்' படத்தில் பம்பாய் தாராவி வருகிறதே, அதில் பெரும்பகுதி சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் போட்ட செட். போட்டவர் தோட்டா தரணி. அதற்கு தேசிய விருதும் வாங்கினார். செட் என்றால் முதலில் பேப்பரில் படம் வரும். அதைப் பார்த்து ஆசாரியும் பெயிண்டரும் கட்டுவார்கள்.

வீடியோ கேமிலும் அதே கதை. கட்டுகிறவர்கள்தான் வேறு. ஆசாரிக்குப் பதிலாக கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவம் செய்யும் 'மாடலர்' உட்கார்ந்திருப்பார்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். கேமில் ஒரு பழைய மீன்பிடி விசைப்படகு வர வேண்டும். ஓவியர் எடுத்த எடுப்பிலேயே அழகாக வரைந்து கலர் அடித்துவிடக் கூடாது. தீப்பெட்டி அளவில் இருபது, முப்பது படம். எல்லாம் வெறும் கறுப்பு நிழல் மாதிரி. நிழலைப் பார்த்தே "இது இந்தப் படகு" என்று தெரிய வேண்டும். டைரக்டர் இரண்டு, மூன்றைப் பொறுக்குவார். அதை மாற்றி, இதை ஒட்டி, கடைசியில் ஒன்று நிற்கும்.

அப்புறம்தான் நிஜமான வேலை. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் மூன்றும் வரைய வேண்டும். எது மரம், எது துருப்பிடித்த இரும்பு, கதவு எந்தப் பக்கம் திறக்கும், பக்கத்தில் ஆள் நின்றால் எவ்வளவு உயரம் - எல்லாம் குறித்துக் கொடுக்க வேண்டும். மாடலர் வேறு ஊரில், வேறு நாட்டில் இருக்கலாம். போன் போட்டு சந்தேகம் கேட்காமல், படத்தைப் பார்த்தே அவர் கட்ட வேண்டும். அப்படிக் கட்ட முடியாவிட்டால் எவ்வளவு அழகான படமும் குப்பைக்குத்தான்.

'லைக்' வேறு, வேலை வேறு

நம்ம பையன்கள் சறுக்குகிற இடம் இதுதான். போட்டோவைப் பார்த்து நடிகர் முகத்தை அச்சு அசலாக வரைவார்கள். இன்ஸ்டாகிராமில் லைக் குவியும். கம்பெனிக்காரர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இல்லாத ஒன்றை யோசித்து வரையத் தெரியுமா என்றுதான் பார்க்கிறார்கள்.

அதற்குப் பயிற்சி கம்ப்யூட்டரில் இல்லை, தெருவில் இருக்கிறது. எழும்பூர் ஸ்டேஷனில் உட்கார்ந்து கட்டிடத்தை வரையலாம். தூரத்தில் போகப் போக கோடுகள் எப்படி ஒடுங்குகின்றன என்று புரியும். மியூசியத்தில் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன. உடம்பின் வளைவு நெளிவைப் படிக்க அதைவிட நல்ல வாத்தியார் கிடையாது. காசிமேட்டுக்குப் போனால் படகின் அடிப்பாகத்தையே பார்த்துவிடலாம்.

செலவைப் பற்றியும் பயம் வேண்டாம். 'கிரிட்டா', 'பிளெண்டர்' இரண்டு சாப்ட்வேரும் இலவசம். திரை இல்லாத சின்ன பேனா டேப்லட் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. லட்ச ரூபாய் மெஷின் வாங்கிக் கொடுத்தால்தான் வரைவேன் என்று பிள்ளை அடம் பிடித்தால், பெற்றோர் கொஞ்சம் யோசிக்கலாம்!

சேர்த்த படங்களை 'ஆர்ட்ஸ்டேஷன்' தளத்தில் போடுகிறார்கள். ஆள் எடுப்பவர்கள் அங்கேதான் தேடுகிறார்கள். பத்துப் பதினைந்து படம் போதும். இருபதாவதாகப் போட்ட ஒரு மட்டமான படம் மற்றதையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும்.

உஷார்! உஷார்!

"100 சதவீதம் வேலை உறுதி" என்று போர்டு மாட்டிக்கொண்டு லட்சக்கணக்கில் பீஸ் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி: "இங்கே படித்தவர்கள் இப்போது எந்தக் கம்பெனியில், என்ன வேலையில் இருக்கிறார்கள்? அவர்கள் வரைந்த படத்தைக் காட்டுங்கள்." மழுப்பினால் வெளியே வந்துவிடலாம்.

'டெஸ்ட்' என்ற பேரில் வாரக்கணக்கில் சும்மா வேலை வாங்குகிறவர்களிடமும் அதே ஜாக்கிரதை தேவை.

இடம் கொஞ்சம்தான்

உண்மையைச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு நாற்காலிகள் குறைவு. 1997-ல் பெங்களூரில் தொடங்கிய துருவா கம்பெனியை 2019-ல் ராக்ஸ்டார் வாங்கியது. யுபிசாப்ட் கம்பெனிக்கு புனேயிலும் மும்பையிலும் ஸ்டூடியோ உண்டு. ஆனால் வெளிநாட்டுக் கேம்களுக்காக இந்தியாவில் நடப்பது பெரும்பாலும் கட்டுகிற வேலை. யோசிக்கிற வேலை கொஞ்சம்தான் இங்கே வருகிறது. அதனால் பலர் மாடலராக நுழைந்து, பிறகு மெல்ல இந்தப் பக்கம் நகர்கிறார்கள். அந்த வேலையையும் சேர்த்துக் கற்றவனுக்கு வழி இரண்டு.

இன்னொரு தலைவலி ஏ.ஐ. நாலு வார்த்தை தட்டினால் படம் வந்து விழுகிறது. 2022 டிசம்பரில் ஓவியர்கள் ஆர்ட்ஸ்டேஷன் முழுக்க எதிர்ப்பு அட்டை போட்டுக் கலகம் செய்தார்கள். 2023, 2024-ல் உலகம் பூராவும் கேம் கம்பெனிகளில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை இழந்தார்கள். அத்தனைக்கும் ஏ.ஐ. காரணம் இல்லை. ஆனாலும் புதிதாக வருகிறவனுக்கு வாசல் குறுகிவிட்டது. கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று ஒழுங்காகச் சொல்ல இன்னமும் அந்த மெஷினுக்கு வரவில்லை என்பது ஓவியர்களுக்கு ஒரு ஆறுதல். எத்தனை நாளைக்கோ!

இட்லிப் பானைக்கு விருது

இதற்கு நடுவே ஒரு தமிழ் சங்கதி. கனடாவில் டொரன்டோ நகரில் தமிழர் ஒருவர் தொடங்கிய சின்ன ஸ்டூடியோ 2023-ல் 'வெண்பா' என்ற கேமை வெளியிட்டது. துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையல்தான் கதை. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்று ஆடுகிறவர் கண்டுபிடிக்க வேண்டும். தட்டில் துளை எங்கே இருக்கிறது என்று படம் தெளிவாகக் காட்டாவிட்டால் ஆட்டமே கிடையாது. 2024-ல் முதல் படைப்புக்கான பாப்டா விருது இந்தக் கேமுக்குத்தான் கிடைத்தது.

எங்கே படிப்பது?

பெரியமேட்டில் பூந்தமல்லி நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது அரசு கவின் கலைக் கல்லூரி. 1850-ல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கியது. கும்பகோணத்திலும் அரசு கவின் கலைக் கல்லூரி உண்டு. பிளஸ்-2 முடித்தவர்கள் பி.எப்.ஏ. சேரலாம். அகமதாபாத் என்.ஐ.டி.யின் பெங்களூர் கிளையில் கேம் வடிவமைப்புக்கே தனி மேல்படிப்பு இருக்கிறது.

பி.எப்.ஏ. சேர மார்க் மட்டும் போதாது. தேர்வு வைத்து வரையச் சொல்வார்கள். பென்சிலை நன்றாகச் சீவிக்கொண்டு போகவும்.